பேய்க்குத் திதி கொடுத்தவர்

எங்கள் ஊர் காஜா பெராங்கில் என்னைவிடப் பெரிய பயந்தாங்கொள்ளி ஒருவர் உண்டென்றால் அவர் ஹந்து அண்ணன்தான். பல்லி கத்தினால் இடம் மாறி உட்காருவார். இடி இடித்தால் யார் வீடு என்று பார்க்காமல் உள்ளே புகுந்துவிடுவார். அப்பேர்ப்பட்டவரைப் பார்த்துத்தான் ஊரே நடுங்கியது. மலாயில் ஹந்து என்றால் பேய். சொந்தப் பெயர் அவருக்கே மறந்து போயிருக்கும்.

படக்கொட்டகைக்கு விளம்பரம் செய்வது அவர் தொழில். பெச்சா என்கிற மூன்று சக்கர மிதிவண்டியில் தட்டி கட்டிக்கொண்டு, படத்துக்கேற்ற வேஷத்தில் ஊரைச் சுற்றுவார். ராஜா கதை என்றால் அட்டைக் கிரீடம். சாமி கதை என்றால் நீலச் சாயம். மெர்டேக்கா என்கிற விடுதலை வந்த வருஷம் ஒரு மலாய்ப் பேய்ப்படம் வந்து சேர்ந்தது. உதவிக்கு ஆளில்லாமல் பிரசவத்தில் செத்துப்போகிற ஒரு பெண், பொந்தியானாக் என்ற பேயாகத் திரும்பி வருகிற கதை. அண்ணனுக்கு வெள்ளைப் புடவை, இடுப்புவரை சவுரிமுடி, முகம் நிறைய அரிசிமாவு. கண்ணாடியில் தன்னைப் பார்த்து அவரே காய்ச்சலில் படுத்தார் என்பார்கள்.

படத்தை அவர் முழுதாகப் பார்த்ததில்லை. அந்தப் பெண் சாகிற இடத்தில் எழுந்து ஓடிவந்துவிடுவார். பேய் எப்படி இருக்கும் என்று ஊருக்கெல்லாம் வேஷம் போட்டுக் காட்டியவர், படத்தில் பேயைப் பார்த்ததே இல்லை.

படம் ஓடி முடிந்ததும் எல்லாரும் அதை மறந்தார்கள். அண்ணன் மறக்கவில்லை. தம் குடிசைக்குப் பக்கத்துச் சந்தில் இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு பலகைக்கல்லைப் படுக்க வைத்தார். சுமைதாங்கி. வயிற்றுப் பிள்ளையோடு செத்தவளுக்கு நம் பக்கத்தில் வைக்கிற கல். வழிப்போக்கர்கள் அதில் சுமையை இறக்கி வைத்தால், இறக்காமல் போன அவள் சுமையும் இறங்கும் என்று நம்பிக்கை. படத்தில் செத்தவளுக்குக் கல் வைத்த ஆள் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார். அன்றிலிருந்து அந்தச் சந்தில் நடமாட்டம் நின்றது.

வருஷம் திரும்பியது. கொட்டகை முதலாளி ஆண்டு நிறைவென்று அதே படத்தை மறுபடி போட்டார். அண்ணன் நேரே கோயிலுக்குப் போய்க் குருக்களிடம் திதிக்கு நாள் கேட்டார்.

"யாருக்குத் திதி?"

"பொந்தியானாக்குக்குங்க சாமி."

"கோத்திரம்?"

"அதெல்லாம் படத்துல சொல்லலைங்க."

"படத்துல செத்தா அது சாவா? அந்த நடிகை நல்லா இருக்காப்பா."

"நடிகை நல்லா இருக்கட்டுங்க சாமி. நான் செத்தவளுக்குத்தான் கேக்கறேன்."

குருக்கள் விபூதி கொடுத்து அனுப்பிவிட்டார். அண்ணன் விடவில்லை. முதல் ஆட்டம் நடந்த நாளை வைத்துப் பஞ்சாங்கத்தில் தாமே திதி பார்த்துக்கொண்டார்.

 என் மனைவி மரகதத்துக்கு அப்போது நிறைமாதம். முதல் பிள்ளை தங்கவில்லை. இந்தத் தடவையும் அப்படி ஆகிவிட்டால் அவளும் என் கையைவிட்டுப் போய்விடுவாள் என்று தினம் தினம் செத்துக்கொண்டிருந்தேன். எங்களுக்கு வீடு வாடகைக்கு விட்டிருந்த அம்மாள், தலைமுறைகளாக மலாயே பேசும் செட்டிக் கம்போங் கிராமத்துக்காரர்; தமிழ் வராது. அவரும் தம் பங்குக்கு அந்தச் சந்துப் பக்கம் கையைக் காட்டி, "ஜாங்ஙான் பெர்கிலா" என்பார். போகவே போகாதே என்று அர்த்தம். மரகதம் சிரிப்பாள். அவளுக்குப் பயம் கிடையாது. எங்கள் இருவருக்கும் வேண்டிய பயத்தை நானே பட்டுக்கொண்டிருந்தேன்.

திதியன்று வெள்ளிக்கிழமை. தலைக்குக் குளித்த ஈரமுடியை நுனியில் மட்டும் முடிந்துகொண்டு, வெளுத்த புடவையில் மரகதம் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போனாள். திரும்பும்போது உச்சிவெயில். கை கடுத்தது. குறுக்கு வழியென்று சந்துக்குள் நுழைந்து, கூடையைச் சுமைதாங்கிமேல் இறக்கி வைத்தாள். கல்லடியில் வாழையிலை போட்டுச் சோறு, கோழிக்குழம்பு, உளுந்து வடை. சுற்றிலும் ஒரு ஈ காக்கை இல்லை. நிறைமாதப் பசி. உட்கார்ந்து வடையை எடுத்துக் கடித்தாள்.

அப்போது சந்து முனையில் வெள்ளைப் புடவையும் மாவு முகமுமாக ஒரு உருவம் வந்து நின்றது. மரகதத்துக்கு அது ஹந்து அண்ணன் என்று உடனே தெரிந்துவிட்டது. கூப்பிட வாயெடுத்தாள். அதற்குள் அவர் "ஐயோ" என்று ஒரு அலறல் அலறிவிட்டு ஓட்டமெடுத்தார். அதே நேரம் இவளுக்கு இடுப்பில் வலி வெட்டியது. கூந்தல் அவிழ, கல்லைப் பிடித்துக்கொண்டு "அம்மா" என்று கத்தினாள். சந்தில் ஒருவரும் இல்லை. இனி யாரும் வரப்போவதில்லை என்று நினைத்தாளாம். வாழ்க்கையில் அவள் பயந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

காலடிச் சத்தம் திரும்பி வந்தது. அண்ணன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, முருகன் பெயரை முணுமுணுத்தபடி, தடவித் தடவி வந்து அவளைத் தூக்கிப் பெச்சாவில் ஏற்றினார்.

துறைமுக ஆபீசில் நான் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். பியூன் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"சார், உங்க வீட்டம்மாவப் பேய் பெச்சாவுல வச்சி மிதிச்சிக்கிட்டுப் போவுதாம். ரோட்டுல பார்த்தவங்க சொல்றாங்க லா."

பேனாவைப் போட்டுவிட்டு, பார்த்தவர்கள் கைகாட்டிய பக்கமெல்லாம் ஓடினேன். எந்தப் பேய் என்று தெரிந்தும் பயம் போகவில்லை. எங்கே போகிறதோ என்றுதான் பயம். வழி நெடுகக் கடைகள் பாதி மூடிக் கிடந்தன. போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர் சாக்கடையிலிருந்து ஏறிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் மிஸ்ஸி, வந்திறங்கிய இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதுல யாருக்குப் பிரசவம்?" என்று கேட்டாராம்.

நான் போனபோது மரகதம் உள்ளே இருந்தாள். வெளியே பெஞ்சியில் அண்ணன், சவுரி ஒரு பக்கமாகச் சரிந்து, மாவெல்லாம் வேர்வையில் கரைந்து உட்கார்ந்திருந்தார். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. பேசாவிட்டால் விழுந்துவிடுவேன் போலிருந்தது.

"ஏண்ணே மொதல்ல ஓடுனீங்க?"

"பின்ன? தலைய விரிச்சிப் போட்டுக்கிட்டு, வயித்தத் தள்ளிக்கிட்டு, என் படையலத் தின்னுக்கிட்டு உக்காந்திருந்தா என்னான்னு நெனைப்பேன்? அவதான் வந்துட்டான்னு நெனைச்சேன்."

"அப்புறம் மரகதம்னு எப்ப தெரிஞ்சது?"

"பாலம் ஏறுறப்ப, 'மெதுவாப் போங்கண்ணே'ன்னு சொல்லிச்சே, அப்பத்தான்."

"அப்ப, திரும்பி வந்து தூக்குனப்ப?"

"பேய்னுதான் தூக்குனேன் தம்பி." சரிந்த சவுரியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டார். "பயத்துல ஈரக்கொலையே நடுங்கிச்சி. ஆனா வலியில கத்துறா. போன தடவ ஒருத்தனும் தூக்கிட்டுப் போவாமத்தானே செத்தா? இன்னொரு வாட்டியும் சாவட்டும்னு எப்படி உட்டுட்டுப் போறது?"

நான் வாய்விட்டு அழுதேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே குழந்தை வீறிட்டு அழும் சத்தம் கேட்டபோதுதான் எங்கள் இருவருக்கும் மூச்சு வந்தது.

மிஸ்ஸி கதவைத் திறந்து, தாயும் பிள்ளையும் நலம் என்று சொல்லி, தகப்பனை வரச் சொன்னார். நான் அண்ணனின் தலையிலிருந்த சவுரியைக் கழற்றி, முகத்தை என் சட்டையாலேயே துடைத்து, முதலில் அவரைத்தான் உள்ளே அனுப்பினேன்.