கொடி ரைட்டர்

வக்கீல் குமாஸ்தாக்கள் ஊரில் யாரோடும் வழக்காடுவார்கள். ஒரு செடித்தொட்டியோடு வழக்காடி, அதிலும் தோற்று, தோற்ற கதையைத் தானே தெருவுக்குச் சொல்லித் திரிந்தவர் எனக்குத் தெரிந்து நாஞ்சில் நாட்டில் ஒரே ஒருவர்தான். தாய் தகப்பன் வைத்த பெயர் அவருக்கு உதவவே இல்லை. குமாஸ்தாவை எங்கள் ஊரில் ரைட்டர் என்பார்கள். வடசேரியில் இறங்கி 'கொடி ரைட்டர்' என்று கேட்டால் போதும், வண்டிமாடே கொண்டுபோய் அவர் வாசலில் விட்டுவிடும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. நானும் அவரும் ஒரே வக்கீலிடம் வேலை பார்த்தோம். வீடுகளும் எதிரெதிர். அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அஞ்சுகிராமத்துப் பக்கம் விவசாயக் குடும்பம். வயலிலும் வரப்பிலுமாக வளர்ந்தவர். கிணற்றடியில் வழுக்கி விழுந்தவர்தான், பிறகு எழுந்திருக்கவில்லை. இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. பிள்ளைகளும் இல்லை. ஒரு சின்ன ஜன்னல் மட்டும் உள்ள இருட்டான உள்ளறையில், மல்லாந்து படுத்து, கூரை ஓடுகளையே பார்த்துக் கிடந்தார்.

"கண்ணுக்கு ஒரு பச்சை தெரிஞ்சா போதும்" என்றார் ஒருநாள். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்டதில்லை.

அன்று சாயங்காலமே ரைட்டர், வெள்ளைக்காரத் துரையின் பங்களாத் தோட்டக்காரரைக் கெஞ்சி ஒரு கொடித்துண்டு வாங்கி வந்தார். வெற்றிலை மாதிரி இலை. வீட்டுக்குள்ளேயே வளருமாம். மண்தொட்டியில் நட்டுக் கட்டிலின் தலைமாட்டில் வைத்தார். கொடி நன்றாகத்தான் வளர்ந்தது. ஆனால் அக்காவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நேரே ஜன்னலைப் பார்த்து.

ரைட்டர் தொட்டியைத் திருப்பி வைத்தார். நாலு நாளில் கொடி பழையபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது. மறுபடி திருப்பினார். மத்தியானம் கோர்ட்டுக் கச்சேரியில் பாதி வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடுவார். வக்கீல் ஒருநாள் பிடித்துக்கொண்டார்.

"எங்கவே போறீரு?"

"கொடிக்கு முகத்தைத் திருப்பணும், சார்."

"அதுக்கு இன்னிக்கு வாய்தாவா?"

"வாய்தா இல்ல சார். தினசரி விசாரணை."

அடுத்து நிலைக்கண்ணாடி. அக்கா கல்யாணச் சீராகக் கொண்டுவந்தது. அதை முற்றத்தில் சாய்த்து வைத்து, வெளிச்சத்தைத் தேடிக் கொடி இந்தப் பக்கம் திரும்பட்டும் என்று, வெயிலைப் பிடித்துக் கட்டிலுக்கு மேலே அடித்தார். வெயில் உள்ளே போனது பாதி, தெருவுக்குப் போனது பாதி. சந்தைக்குப் போன வண்டிமாட்டின் கண்ணில் பட்டு, மாடு மிரண்டு, கத்தரிக்காய் தெருவெல்லாம் உருண்டது. வண்டிக்காரர் சாட்டையோடு உள்ளே பாய்ந்தார். கட்டிலில் கிடந்த அக்காவையும், தலைமாட்டில் தொட்டியையும், சுவரில் ஆடிய வெயிலையும் பார்த்தார். சாட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"கண்ணாடிய இன்னும் இம்புட்டு சாய்ச்சு வையுங்க அண்ணாச்சி. மாட்டு மேல படாது" என்று தானே சாய்த்து வைத்துவிட்டுப் போனார். மறுவாரம் ஒரு சுளகு நிறையக் கத்தரிக்காயும் வந்தது.

பிறகு ரைட்டர் ஒரு மூங்கிலில் தேங்காய்த் தும்பு நாரைச் சுற்றி, தினமும் தண்ணீர் தெளித்து, கொடியைப் பிடிக்க வைத்தார். பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டிக் கட்டி, கூரை வரைக்கும் ஏற்றிவிட்டார். மேலே நுனியில் மட்டும் நாலைந்து இலை. கீழே ஆள் உயரத்துக்கு வெறும் தண்டு, ரோமம் கொட்டிய வாலைப் போல.

அக்கா சிரித்தார். "மொட்டையா நிக்குது. முக்காலும் வெட்டி விடுங்க. அடியில தழைக்கும். வெட்டின துண்டையும் அதே தொட்டியில ஊனினா நெறைஞ்சு வரும்."

"ஏட்டி, நான் வெட்ட மாட்டேன்."

"ஏன்?"

"இந்த வீட்டுல ஒண்ணு முறிஞ்சது போதும்."

"முறிஞ்சது நான். அது செடி. அதுக்குத் திரும்ப வரும்" என்றார் அக்கா.

ரைட்டர் கேட்கவில்லை. கூரையில் குறுக்கே கயிறு கட்டி, கொடியைக் கட்டிலுக்கு மேலே கொண்டுவருவதிலேயே குறியாக இருந்தார். ஐப்பசி மழையில் அக்காவுக்குக் காய்ச்சல் கண்டது. நெஞ்சில் சளி கட்டியது. நுனி கட்டிலுக்கு நேர் மேலே வந்து ஒரு தளிர் விட்டிருந்தது. "வந்துட்டு பாத்தியா" என்று ரைட்டர் காட்டினார். அக்கா பார்த்தார். அந்த வாரமே போய்விட்டார்.

அடக்கம் முடிந்து வீட்டில் ஜெபத்துக்கு உட்கார்ந்திருந்தோம். ரைட்டர் எழுந்துபோய்க் கத்தரிக்கோலை எடுத்தார். தொட்டியில் ஒரு சாண் விட்டுவிட்டு மீதி முழுவதையும் வெட்டினார். கணுவுக்குக் கணு துண்டாக்கி, வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொன்று கொடுத்தார். "இந்தக் கணு தண்ணியில முங்கணும். வேர் விடும். அவ சொல்லுவா" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். யாருக்கும் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வண்டிக்காரரும் ஒன்று வாங்கித் தோள்துண்டில் பொதிந்துகொண்டார்.

கொஞ்ச நாள் கழித்து என்னைக் கைதட்டிக் கூப்பிட்டார். வெட்டின அடித்தண்டில் ரெண்டு பக்கமும் தளிர் கிளம்பியிருந்தது.

"அவ சொன்னதுதான் சரி, தம்பி" என்றார். "நான் தோத்துட்டேன்னு சொல்லணும். யாருகிட்ட சொல்ல?"

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவர் வீடு வீடாகக் கிளம்பிவிடுவார். துண்டு வாங்கினவர்கள் ஒழுங்காக வளர்க்கிறார்களா என்று பார்க்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு வந்தாலே வசவுதான். "என்னவே வளக்கீரு? ஒரே பக்கமா சரிஞ்சு கெடக்கு. திருப்பி வைக்கத் தெரியாதா?" திருப்பி வைப்பார், கட்டுவார், நுனியைக் கிள்ளுவார். அதற்குள் சோற்று நேரம் ஆகிவிடும். என் மனைவி இலை போட்டுவிடுவாள். சாப்பிட்டு, அக்காவைப் பற்றி ரெண்டு வார்த்தை, தான் தோற்றதைப் பற்றி ரெண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார்.

அவர் தெருமுனை திரும்பியதும் என் மனைவி தொட்டியைப் பழையபடி திருப்பி வைத்துவிடுவாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அவர் வந்து திட்ட வேண்டாமா?