இருபத்தேழு ஆண்டு ரசம்

மனித குல வரலாற்றில் ஒரே ரசத்தை இருபத்தேழு ஆண்டுகள் பரிமாறி, ஊரையே மகிழ்வித்த மேதை ஒருவர்தான். அவர் எங்கள் ஊர் மாப்பிள்ளை, 'நகைச்சுவைச் செம்மல்' அடைக்கலம்.

ரசம் என்றது ஒரு ஜோக்கை. ஆலங்குடியிலிருந்து ஆறு கிலோமீட்டரில் இருக்கும் எங்கள் ஊரில் வைகாசித் திருவிழா நடக்கும். ஏழாம் நாள் மாலை அவர் மைக்கைப் பிடித்து இப்படித் தொடங்குவார்:

"எம் பொண்டாட்டி வச்ச ரசத்தக் கொண்டுபோயி மெடிக்கல்ல காட்டுனேங்க. டாக்டர் சீட்டு இல்லாம இத வீட்ல வச்சிருக்கக் கூடாதுன்னுட்டாங்க."

ஊர் சிரிக்கும். அடுத்த ஆண்டும் அதே மெடிக்கல், அதே சீட்டு, அதே சிரிப்பு. கொரோனாவால் திருவிழா நின்றது, ரசம் நிற்கவில்லை. வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவாக வந்து சேர்ந்தது.

சென்ற ஆண்டு யாரும் சிரிக்கவில்லை.

இதைப் பற்றி ஆராயக் கலைநிகழ்ச்சித் துணைக்குழு அவசரமாகக் கூடியது. அவசரம் என்றால் பத்து மாதம் கழித்து.

"சரக்கு தீந்துபோச்சு," என்றார் தலைவர் உதயசூரியன். சவுண்டு சர்வீஸ் வைத்திருப்பவர். "மாப்பிள்ளைக்கு ஒரு சால்வையப் போட்டு அனுப்பிருவோம்."

"சென்னையில ஒரு ஸ்டாண்டப் காமெடிப் பையன் இருக்கான்," என்றார் உறுப்பினர் நல்லதம்பி. பதினோரு வருடம் துபாயில் இருந்தவர்; ஆகவே உலக நடப்பு அறிந்தவர். "மேனேஜரப் பத்தியே ஒரு மணி நேரம் பேசுறான்."

"நம்ம ஊர்ல மேனேஜர் யாரு?"

குழு யோசித்தது. முந்திரி ஆலையில் ஒருவர் இருந்தார். அவரும் போன மாதம் வேலையை விட்டிருந்தார்.

"அப்ப யார நெனச்சுச் சிரிக்கிறது?"

எனவே 'உரிய ஆய்வு' நடத்துவது என்று முடிவாயிற்று. செயலாளராகிய நான் புள்ளியியல் படித்தவன்.

"நீயே பாருப்பா. ஒனக்குத்தான் வீட்ல தேடுறதுக்கு..." என்று தொடங்கிய உதயசூரியன் நிறுத்தினார். எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். டீ சொல்லப்பட்டது.

என் மனைவி காவ்யா இறந்து அப்போது ஒன்பது மாதம். குறிப்பேட்டில் இதைக் 'கூடுதல் தகுதி' என்று பதிந்தேன்.

இன்னொரு தகுதியும் எனக்கு உண்டு. நானும் ஒரு காலத்தில் நகைச்சுவையாளன். 'காவ்யா ஸ்கூட்டிய எடுத்தா எதுர வர்ற ஆலங்குடி பஸ்சு தானா வயல்ல எறங்கிரும்' என்பது என் படைப்பு. கல்யாணம், காதுகுத்து, அலுவலகம், எல்லா இடத்திலும் எடுபட்டது. நான்கு ஆண்டுகள் ஓடியது.

ஆய்வு அறிவியல் முறைப்படி நடந்தது. வீடியோக்காரரிடம் பழைய பதிவுகளை வாங்கி, ஒன்பது ஆண்டு ரசத்தை ஒரே மூச்சில் பார்த்தேன். ஜோக்கில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. வேறொன்று தெரிந்தது. ஜோக் முடிந்ததும் யாரும் சிரிப்பதில்லை. எல்லாத் தலைகளும் இடப்பக்கம், பெண்கள் பகுதியின் மூன்றாவது வரிசைக்குத் திரும்பும். அங்கே ஒரு அம்மாள் சிரிப்பார். பிறகுதான் ஊர் சிரிக்கும். சராசரி இடைவெளி இரண்டு விநாடி.

அவர் சின்னப்பிள்ளை அத்தை. அடைக்கலத்தின் மனைவி, எங்கள் ஊரில் பிறந்தவர். சென்ற ஆண்டுப் பதிவில் அந்த நாற்காலி காலி.

இது என் கண்டுபிடிப்பு என்று அறிக்கை சொல்கிறது. ஆனால் சென்ற ஆண்டே, பந்தல் ஓரத்தில் என்னோடு நின்ற காவ்யா என் கையைக் கிள்ளி, "அத்தையக் காணோமே," என்றாள். நான் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் வீடு ஆலங்குடியில். பஸ்ஸில் போனேன். ஸ்கூட்டி உறை போட்டு நிற்கிறது.

துண்டில் கையைத் துடைத்தபடி அடைக்கலம் மாமா வந்து கதவைத் திறந்தார்.

"என்னைய நிறுத்தப் போறாகளாமே தம்பி," என்றார். "மத்த ஊர்ல கூப்புட்டு மூணு வருசமாச்சு. இங்கிட்டும் இல்லேன்னா, மைக் இல்லாத வாயாடிதான் நான்." பதிலுக்கு நிற்காமல், "சாப்புட்டுத்தான் போகணும்," என்று உள்ளே போய்விட்டார்.

அத்தை இலை போட்டார். ரசம் வந்தது. சரித்திரப் புகழ் பெற்ற அந்த ரசத்தை நேரில் ருசித்த முதல் ஆய்வாளன் நான். மெடிக்கல்காரர் சரியாகத்தான் சொல்லியிருந்தார்.

அத்தை என் முகத்தையே பார்த்தார்.

"போன வருசம் ஏன் அத்தை வரல?"

"இளமதியப் பொண்ணு பாக்க வந்தாக. 'ரசம் வைக்கத் தெரியாத வீட்டுப் பொண்ணா'ன்னு மாப்பிள்ளையோட ஆத்தா கேட்டுச்சு. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டுச்சு. அதோட சரி, எம் மகளுக்கு அங்கிட்டு இருந்து ஒரு பதிலும் இல்ல."

"அதுக்கு முந்தி எல்லா வருசமும் சிரிச்சீங்களே?"

"மொத வருசம் ஊரே எம் மூஞ்சியப் பாத்துச்சு. நான் மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டா அவுக மானம் போயிரும். சிரிச்சேன். ஆரம்பிச்சத அப்பறம் எங்க நிறுத்துறது?"

அடுப்படியில் கரண்டி ஒன்று விழுந்தது.

என் அறிக்கையைக் குழு ஒருமனதாகப் பாராட்டியது, படிக்கவில்லை. அதிலிருந்த 'சிரிப்பு நாற்காலி' என்ற சொல் மட்டும் பிடித்துப்போனது. அந்த நாற்காலிக்கு மெத்தை போடுவது, அதில் அமர்பவர் சிரிக்க 'ஆவன செய்வது' என்று தீர்மானம் நிறைவேறியது. அப்படியும் சிரிப்பு வராவிட்டால் அடுத்த ஆண்டு சென்னைப் பையன்.

அத்தைக்குப் போன் செய்து சொன்னேன்.

"வாரேன்," என்றார். "சிரிக்கிறதுக்கு நான் பொறுப்பில்ல."

ஏழாம் நாள் வந்தது. மாமா வேட்டியைச் சரிசெய்துகொண்டு தொடங்கினார். மெடிக்கல் வந்தது. சீட்டு வந்தது. ஊர் இடப்பக்கம் திரும்பியது.

மெத்தையில் உட்கார்ந்திருந்த அத்தை, நெடுநேரம் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல நேரே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு விநாடி. பத்து விநாடி. உதயசூரியன் போனில் சென்னை நம்பரைத் தேட ஆரம்பித்தார்.

மாமா தண்ணீர் குடித்தார்.

"ஒரு உண்மையச் சொல்லிர்றேங்க. அந்த ரசத்த வச்சது நாந்தான்."

உதயசூரியன் போனிலிருந்து தலையைத் தூக்கினார்.

"அவ விடிஞ்சா தையல் கடைக்குப் போயிருவா. கல்யாணம் ஆனதுலேர்ந்து எங்க வீட்ல அடுப்படி நாந்தான். புளியக் கொறைங்க, புளியக் கொறைங்கன்னு அவளும் சொல்லித்தான் பாத்தா. நான் கொறைக்கல. பழிய மட்டும் அவ பேருல எழுதிட்டேன்." மூன்றாவது வரிசையைக் கை காட்டினார். "இன்னைக்கும் அதச் சாப்புட்டுட்டுத்தான் வந்து ஒக்காந்திருக்கா. மூஞ்சியப் பாருங்க."

ஊர் பார்த்தது. அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. பிறகு ஊர் சிரித்த சிரிப்பில், பந்தலுக்குப் பின்னால் படுத்திருந்த மாடு எழுந்து நின்றது.

மறுநாள் குழு கூடியது. இந்தப் புதிய ஜோக்கை மாமா அடுத்த இருபத்தேழு ஆண்டுகளுக்கு எழுத்து மாறாமல் சொல்ல வேண்டும் என்று தீர்மானித்தது.

நல்லதம்பிக்கு மட்டும் ஒரு நெருடல். "ஆம்பள ரசம் வைக்கிறான்னு மேடையில சொன்னா, நம்ம மாப்பிள்ளைய வெளியூர்க்காரன் என்ன நெனப்பான்?"

"ஜோக்குதானப்பா," என்றார் உதயசூரியன். "யாரு நம்பப் போறா?"

தீர்மானத்தை எழுதி முடித்தேன். ஆய்வறிக்கையின் கடைசிப் பக்கத்தில் 'இதே போன்ற பிற நிகழ்வுகள்' என்று ஒரு தலைப்பு காலியாகக் கிடந்தது. அதையும் நிரப்பினேன்.

காவ்யா வண்டியை நன்றாகத்தான் ஓட்டுவாள். ஓட்டத் தெரியாதவன் நான். நான்கு ஆண்டுகள் அவள் பின்னால் உட்கார்ந்து போய், பத்திரமாக இறங்கி நின்று, அந்த ஜோக்கைச் சொன்னேன். முதலில் சிரித்தது அவள்தான்.