சந்து முனைக் கம்பம்

அந்தக் கம்பம் யாருக்குச் சொந்தம் என்று வார்டு ஆபீஸில் கேட்டார்கள். நம்பிராஜன் அந்தக் கேள்விக்குத் தயாராகப் போகவில்லை.

கேட்டவர் சாய்நாத் என்ற கிளார்க். மனுவைப் பொறுமையாகப் படித்துவிட்டு, இந்தியில், யாரையும் நோகடிக்காத குரலில் கேட்டார்.

"லைட் போஸ்டா, கரண்ட் போஸ்டா?"

"மேல லைட் எரியுது சார்."

"லைட் எங்களது. அதுல போற ஒயர் கரண்ட் கம்பெனியோடது. நீங்க எதை எடுக்கச் சொல்றீங்க?"

"கம்பத்தை."

"அதைத்தான் கேக்கறேன். கம்பம் யாரோடது?"

நம்பிராஜன் யோசித்தார். "எங்க சந்துல நிக்குது சார். எப்ப நட்டாங்கன்னு தெரியாது. நான் அப்ப மஸ்கட்ல தையல் வேலைல இருந்தேன். திரும்பி வந்தப்ப நின்னுது."

சாய்நாத் அவரைக் கரண்ட் கம்பெனிக்கு அனுப்பினார். கம்பெனியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். கம்பத்தை எடுக்க உத்தரவு வந்தால் ஒயரைக் கழற்றித் தருகிறோம் என்றார்கள். அதைக் கேட்டுக்கொண்டு சந்தோஷமாகத் திரும்பி வந்தார். ஒயரைக் கழற்றிய பிறகு வந்தால்தான் கம்பத்தை எடுக்க உத்தரவு போட முடியும் என்றார் சாய்நாத்.

தாராவியில் அந்தச் சந்துக்குப் பெயர் கிடையாது. மெயின் ரோட்டிலிருந்து உள்ளே நுழையும் இடத்தில் ஒரு பக்கம் தளவாயின் மாவுக்கடைச் சுவர், இன்னொரு பக்கம் இந்தக் கம்பம். நடுவில் ஓர் ஆள் போகலாம். எதிரே இன்னொருவர் வந்தால் யாராவது ஒருவர் பின்வாங்க வேண்டும். அதற்காக அங்கே யாரும் சண்டை போட்டதில்லை.

ஆடி மாத மழையில் ஒரு மத்தியானம் நம்பிராஜனின் மனைவி சொர்ணம்மாளுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது. ஸ்ட்ரெச்சர்தான் சந்துக்குள் நுழையவில்லை. நேராக நீட்டிப் பார்த்தார்கள். சாய்த்துப் பார்த்தார்கள். கடைசியில் தளவாய் கடைக்குள் ஓடி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து வந்தார். அதில் சொர்ணம்மாளை உட்காரவைத்துத் தூக்கி வந்தபோது நாற்காலியின் கால் கம்பத்தில் மாட்டிக்கொண்டது. எப்படித் திருப்பலாம் என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்.

"எறக்கி விடுங்க, நானே நடந்து வாரேன்" என்றாள் சொர்ணம்மாள். அதன்பிறகு அவள் பேசவில்லை.

ஆஸ்பத்திரி டாக்டர் சின்ன வயசுக்காரர். "கொஞ்சம் முந்தி வந்திருந்தா பொழச்சிருப்பாளா?" என்று நம்பிராஜன் கேட்டதற்கு, "சொல்ல முடியாதுங்க" என்று மட்டும் சொன்னார். பிழைத்திருப்பாள் என்றுதான் அவர் சொன்னதாக நம்பிராஜன் எடுத்துக்கொண்டார்.

காரியம் முடிந்த பிறகு அவர் பை தைக்கும் பட்டறைக்குப் போகவில்லை. மிஷின் மேல் போர்த்திய துணி போர்த்தியபடியே கிடந்தது. மகள் இசக்கிசெல்வி விக்ரோலியில் ஓர் ஆபீஸில் வேலை பார்த்தாள். காலையில் அவள் மூடி வைத்துவிட்டுப் போகும் சோறு, சாயங்காலம் அவள் லோக்கல் ரயில் பிடித்துத் திரும்பும்போது மூடியபடியே இருக்கும். அப்பாவும் காலையில் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

அப்படி இருந்தவர் ஒருநாள் எழுந்து, இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு சந்து முனைக்குப் போய், கம்பத்துக்கும் சுவருக்கும் நடுவே அளந்து பார்த்துவிட்டு வந்தார்.

"ஒரு மனு எழுதணும். மராத்தியில எழுது" என்றார் மகளிடம்.

"எதுக்குப்பா?"

"அந்தக் கம்பத்த எடுக்கச் சொல்லி."

இசக்கிசெல்வி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

"வேண்டாம்ப்பா. விட்ருவோமே."

"எப்படிட்டி விட? உங்கம்மைய முழுங்குனது அதுல்லா."

அவள் எழுதினாள். எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர், முடிந்ததும் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு தோசை கேட்டார். இசக்கிசெல்வி அவர் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மனுவில் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டாள்.

மற்றவர்களிடம் கையெழுத்து வாங்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. எதிர்வீட்டு ஜெபசெல்வி மனுவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கம்பம் போனா லைட்டும் போயிரும்லா அண்ணாச்சி. பொம்பளையளுக்கு இருட்டுல கக்கூசுக்குப் போக வர இந்த வெளிச்சந்தான் இருக்கு."

"சுவத்துல மாட்டித் தரச் சொல்லுவோம் தாயி."

"அதுக்கில்ல அண்ணாச்சி. மைனி இருந்தா…" என்று ஆரம்பித்தாள்.

"அவ இருந்தா நான் ஏன் அலையப் போறேன்? இந்த எடத்துல இத நடணும்னு எவனுக்குத் தோணுச்சோ, அவன் குடும்பம் வெளங்காது."

ஜெபசெல்வி வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்படிச் சொல்லாதிய அண்ணாச்சி" என்றாள் மெதுவாக. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் போட்டார்கள். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டே போட்டார்கள். சொர்ணம்மாள் மேல் சந்துக்கு எவ்வளவு பிரியம் என்று நம்பிராஜன் நினைத்துக்கொண்டார்.

சாய்நாத் நேரிலேயே வந்து பார்த்தார். அவருடைய தோள்பை கம்பத்தில் மாட்டியது. அது அவர் மனதைத் தொட்டிருக்க வேண்டும். பொதுமக்களுக்கு இடையூறு என்று குறிப்பு எழுதிக்கொண்டு போனார். கொஞ்ச நாளில் இரண்டு பேர் வந்து, 'எச்சரிக்கை, கம்பம் உள்ளது' என்று மராத்தியில் எழுதிய தகரப் பலகையைக் கம்பத்தின் குறுக்கே முடுக்கிவிட்டுப் போனார்கள். பலகை கம்பத்தைவிட அகலம். அதுவரை தோளைச் சுருக்கிப் போனவர்கள் இப்போது தலையையும் குனிய வேண்டியிருந்தது.

பலகையை எடுக்கச் சொல்லி நம்பிராஜன் இரண்டாவது மனு கொடுத்தார். அது உடனே பலித்தது. பலகையைக் கழற்றினார்கள். ஆனால் கம்பத்தில் ஜனங்கள் மோதிக்கொள்வதாக ஃபைலில் ஏறிவிட்டதால், மோதாமல் இருக்க அதைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு சிமெண்டுத் திட்டு ஒன்று கட்டினார்கள்.

திட்டு காய்ந்த மறுநாள் காலை, தளவாய் உளுந்து மூட்டையோடு உள்ளே வந்தார். அவர் எப்போதுமே வயிற்றை எக்கிக்கொண்டுதான் அந்த இடத்தைக் கடப்பார். அன்றைக்கு வயிறு கடந்துவிட்டது. முட்டி திட்டில் இடித்து, தோளில் இருந்த மூட்டை சரிந்து, முதுகு சுவரோடு ஒட்டிப்போனது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. வேலைக்குப் போகிறவர்கள் உள்ளே வரிசையாக நின்றார்கள். தண்ணீர்க் குடத்தோடு வந்தவர்கள் வெளியே நின்றார்கள்.

"மூட்டையக் கீழ போடும்வே" என்றார் நம்பிராஜன் உள்ளேயிருந்து.

"எங்க போட? கீழ எடம் எங்க இருக்கு? உம்ம மனுவால வந்த வெனை இது."

"மனுவாலயா? கம்பத்தாலல்லாவே வந்துது."

"கம்பம் அதும்பாட்டுக்கு நின்னுதுவே. வந்தவன் போனவன் எவனுக்கும் அது ஒரு தும்பும் பண்ணல. அது யாரு கொண்டுவந்த…"

"தளவாய் அண்ணாச்சி" என்று ஜெபசெல்வி குறுக்கே வந்தாள். "பேசாதிய. மூச்ச உள்ள இழுத்துப் பிடிங்க."

தளவாய் அவளைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் நின்ற இசக்கிசெல்வியையும் பார்த்தார். பிறகு வாயை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தார். நான்கு பேர் உள்ளேயிருந்து இழுத்து, வெளியேயிருந்து குடத்துக்காரிகள் தள்ளி, சட்டைப் பொத்தான்கள் தெறிக்க அவரை மீட்டார்கள். உளுந்து சாக்கடையில் போயிற்று. அவர் அதைப்பற்றிப் பிறகு பேசவே இல்லை. நம்பிராஜன் போய் மன்னிப்புக் கேட்டபோதும், "அத விடும்வே, நீரு சாப்ட்டீரா?" என்றுதான் கேட்டார்.

திட்டை இடிக்க மூன்றாவது மனு. திட்டு வேறு கணக்கில் கட்டியது, கான்டிராக்டரின் உத்தரவாதக் காலம் முடியும்வரை அதைத் தொட முடியாது என்று சாய்நாத் வருத்தத்தோடு சொன்னார். அதற்குள் அவருக்கும் இது சொந்தப் பிரச்சினைபோல ஆகியிருந்தது.

"ஒரு வழிதான் இருக்கு. கம்பமே இல்லேன்னா திட்டுக்கு வேலை இல்லை. எங்க வார்டு ஆபீஸர், பெரிய மேடம், பொதுமக்கள் குறை கேக்கறாங்க. நேர்ல வந்து சொல்லுங்க."

நம்பிராஜன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மகளோடு போனார். இந்தியில் சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். மேடம், "சொல்லுங்க" என்றதும் அத்தனையும் மறந்துபோயிற்று. வாயில் தமிழ்தான் வந்தது.

"எம் பொண்டாட்டிய நாக்காலியில வச்சுத் தூக்கிட்டுப் போனோம்மா. நாக்காலி கம்பத்துல மாட்டிக்கிட்டு."

இசக்கிசெல்வி அதை இந்தியில் சொன்னாள்.

"நான் மஸ்கட்டுல கெடக்கும்போது ஒண்டியா இருந்தவ. பொட்டப்பிள்ளையக் கூட்டிக்கிட்டு வெளிய தெருவ அலையக் கூடாதுன்னு போன்ல சொல்லிட்டேன். எஞ்சொல் தட்ட மாட்டா. நான் வாற வரைக்கும் அந்தச் சந்து முனையத் தாண்டல. கடைசில தாண்டப் போகயில அது விடலம்மா."

மேடம் மகளைப் பார்த்தார். "கம்பத்தாலதான் லேட் ஆச்சுன்னு அப்பா சொல்றாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தாள். நடுவில் இருந்ததையெல்லாம் அவள் விட்டுவிட்டதை நம்பிராஜன் கவனித்தார். வீட்டு விஷயத்தை நாலு பேர் முன்னால் சொல்லக் கூச்சப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மனுவின் ஓரத்தில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"விளக்கு?" என்று சாய்நாத்தைக் கேட்டார்.

"சுவத்துல மாட்டிக் கொடுக்கலாம் மேடம். அது வேற பிரிவு. அதுக்குத் தனியா ஒரு மனு கொடுக்கணும்."

கம்பத்தை எடுக்க வந்த நாளில் சந்தில் பாதிப் பேர் வேலைக்குப் போகவில்லை. ஆட்களைக் கூட்டிவந்த மேஸ்திரி தௌசீப், தாடி நரைத்தவர், தாராவியிலேயே வளர்ந்ததால் தமிழ் பேசுவார். முதலில் ஒயரைக் கழற்றினார்கள். பிறகு திட்டை இடித்தார்கள். பிறகு அடியில் அறுக்கத் தொடங்கினார்கள். இரும்பு அறுபடும் சத்தத்தில் ஜெபசெல்வி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். தளவாய் கடையைப் பாதி மூடிவிட்டு வாசலில் நின்றார். ஆபீஸுக்கு லீவு போட்டிருந்த இசக்கிசெல்வி, அறுக்கும்வரை கம்பத்தின் பக்கத்திலேயே நின்றாள். தள்ளி நிற்கும்படி ஆட்கள் சொன்ன பிறகுதான் நகர்ந்தாள்.

கயிறு கட்டிக் கம்பத்தை மெல்லச் சாய்த்து லாரியில் ஏற்றினார்கள். தெருவிளக்கின் கண்ணாடி மட்டும் எங்கோ இடித்து உடைந்தது.

சந்து முனை திறந்து கிடந்தது. நம்பிராஜன் அங்கே போய் நின்று இரண்டு கைகளையும் அகல விரித்துப் பார்த்தார். எந்தக் கையிலும் எதுவும் இடிக்கவில்லை. ஸ்ட்ரெச்சர் தாராளமாக வரும். நெஞ்சில் இருந்த பாரம் இன்றைக்கு இறங்கும் என்று இத்தனை நாள் நம்பியிருந்தார். அது இறங்கியதாகத் தெரியவில்லை. ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போகச் சொர்ணம்மாள்தான் இல்லை. விரித்த கைகளை எப்படி மடக்குவது என்று தெரியாதவர்போல நின்றார். யாரும் கிட்டே வரவில்லை.

பிறகு வேலை செய்தவர்களுக்கு ஏதாவது கொடுக்கவேண்டும் என்று நினைவு வந்து, தானே போய் டீ வாங்கி வந்தார். தௌசீப் தளவாயின் கடைப்படியில் உட்கார்ந்து கிளாஸை வாங்கிக்கொண்டார். ஊதி ஊதிக் குடித்தார். கம்பம் நின்ற குழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்கதான் மனு கொடுத்தவரா அண்ணே?"

"ஆமா."

தௌசீப் கிளாஸைக் கீழே வைத்தார். "இத நட்ட அன்னைக்கும் நான்தான் வந்தேன், சொர்ணம்மான்னு ஒரு அம்மா, சின்னப் பொண்ணு ஒண்ணக் கையில புடிச்சுக்கிட்டு ஆபீஸ் ஆபீஸா ஏறி எறங்கி, மனு மேல மனு கொடுத்து வாங்கின லைட்டு இது, எடுக்கப் போறோம்னு அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"