ஆஃப்சைடு அண்ணாச்சியின் கண்

இடது, வலது என்ற சொற்களை வாயால் சொல்லாமலேயே திருவனந்தபுரத்தில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த ஒரே மனிதர் எங்கள் 'ஆஃப்சைடு' அண்ணாச்சிதான். போலீஸ் குதிரைப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். குதிரைக்கு இடப்பக்கம் நியர்சைடு, வலப்பக்கம் ஆஃப்சைடு. காருக்கும் அதுவே என்பது அவர் கட்சி.

ஆரியசாலை அரிசி மண்டியில் கணக்கு எழுதும் நான், நாற்பது வயதில் அவரிடம் சிக்கினேன்.

"நியர்சைடு எடு மக்களே."

"அது எந்தப் பக்கம் அண்ணாச்சி?"

"குதிரைமேல ஏறுத பக்கமாக்கும்."

"நான் குதிரைமேல ஏறினதே இல்லியே."

"அப்ப எறங்குத பக்கம்."

காரிலும் அவர் இடது கதவு வழியாகத்தான் ஏறுவார். ஓட்ட வேண்டுமென்றால் கியரைத் தாண்டி மறுபக்கம் போவார். அந்த நேரத்தில் யாரும் பேசக்கூடாது.

ஒரு நாள் கண் மங்குகிறதென்று தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனார்.

"ஏது கண்ணாணு அங்கிளே பிரஸ்னம்?" என்று, எந்தக் கண்ணில் கோளாறு என டாக்டரம்மா மலையாளத்தில் கேட்டிருக்கிறார்.

"ஆஃப்சைடு."

"ஆஃப் ஆயோ? ஒன்னும் தெரியலியா?"

"தெரியும் டாக்டரே, மங்கலாட்டு."

"நியர் எங்ஙனே?"

"நியர் ஒரு கொறையும் இல்ல."

பக்கத்துப் பார்வை நன்றாக இருக்கிறது, தூரம்தான் தெரியவில்லை என்று முடிவு செய்து டாக்டரம்மா கண்ணாடி எழுதிக் கொடுத்துவிட்டார்.

அதைப் போட்டுக்கொண்டு மறுவாரம் வகுப்புக்கு வந்தவர், "ஆஃப்சைடு எடு" என்றார். அந்தப் பக்கம் ஒரு தண்ணீர் லாரி நின்றிருந்தது. பிரேக்கை மிதித்தேன். அவ்வளவு பெரிய லாரி அவருக்குத் தெரியவே இல்லை.

அன்றே அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். வலது கண்ணில் புரை முற்றியிருந்தது. ஆபரேஷன் அன்று, எந்தக் கண் என்று குறிக்க நர்ஸ் மையோடு வந்தாள். முரட்டுக் குதிரைகளை அடக்கியவர் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"வலது மோளே. வலது. ரைட்டு. எழுதியாச்சா? ஒருக்கா வாசிச்சுச் சொல்லு."

கட்டு அவிழ்த்ததும் என்னை வெகுநேரம் பார்த்தார்.

"ஒனக்கு இவ்வளவு நரை உண்டா?"

நான்தான் காரில் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். வழியெல்லாம் கடைப் பலகைகளை ஒன்று விடாமல் உரக்கப் படித்துக்கொண்டே வந்தார். பத்து நிமிட வழிதான். நான் சாலைக் கடைத்தெருவெல்லாம் சுற்றிக்கொண்டு போனேன்.