நாற்பத்தாறு மாற்றுச் சாவிகள்

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

உங்கள் பெரிய தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். அங்கே உங்கள் முழங்கால் வலியும் அத்தானின் கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் காகிதத்தில் எழுதுகிறானே என்று நினைப்பீர்கள். போனில் நான் செய்த காரியத்துக்குப் பிறகு எனக்குக் காகிதம்தான் லாயக்கு.

போன மாதம் மகளின் பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டார்கள். பிள்ளைகள் இணையத்தில் பத்திரமாக நடந்துகொள்ள வீட்டில் சொல்லிக்கொடுங்கள் என்றார் டீச்சர். மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள், நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முப்பது வருஷமாகப் பூட்டுக்கடை வைத்திருப்பவனுக்கா இதைச் சொல்ல வேண்டும்? அன்று சாயங்காலமே மகளைக் கடையில் உட்காரவைத்து, மேஜைமேல் எட்டுப் பூட்டைப் பரப்பி, இரண்டு மணி நேரம் வகுப்பெடுத்தேன். முன்பின் தெரியாதவரோடு பேசாதே, அடுத்தவர் படத்தைக் கேட்காமல் போடாதே, கடவுச்சொல்லை உயிர் போனாலும் யாருக்கும் சொல்லாதே. பன்னிரண்டு வயசுப் பெண், பொறுமையாகக் கேட்டாள். தன் மின்னஞ்சலுக்குப் பன்னிரண்டு எழுத்தில் ஒரு கடவுச்சொல்லும் போட்டாள். "அப்பாவுக்குத் தெரியணும்ல" என்று நான் அதை வாங்கிக் குறித்துக்கொண்டேன்.

அங்கேதான் அக்கா, வினை ஆரம்பம். எந்தப் பூட்டு விற்றாலும் நான் சொல்வது உங்களுக்கே மனப்பாடம்: ஒரு சாவி கையில், ஒரு சாவி வீட்டில், ஒன்று நம்பிக்கையான சொந்தக்காரரிடம். பழக்கதோஷம், கை தானாகப் போய்விட்டது. நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்தக் கடவுச்சொல்லைப் போட்டு, "பிள்ளையின் மாற்றுச் சாவி, எல்லோரும் பத்திரமாக வைத்துக்கொள்ளவும்" என்று எழுதிவிட்டேன். என்னைத் தவிர நாற்பத்தாறு பேர். முப்பத்தொரு பேர் கைகூப்பும் பொம்மை போட்டார்கள். நீங்களும்தான் போட்டீர்கள், மறுக்காதீர்கள்.

நம் பெரிய மாமா சும்மா இருப்பாரா? ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வேறு. பின்னால் கேட்டதற்கு, "சாவி பொருந்துதான்னு திறந்து பார்த்தேன்டா, அது ஒரு தப்பா?" என்றார். திறந்தவர் கண்ணில், மகளின் சிநேகிதி அவளுக்கு மட்டும் எழுதியிருந்த ஒரு ரகசியம் பட்டிருக்கிறது. அது என்னவென்று உங்களுக்கும் சொல்லமாட்டேன். பார்த்தவர் மூடிவிட்டு வந்திருக்கலாம். "இதை மறைப்பது இழுக்கு. இன்றே உன் தகப்பனாரிடம் சொல். இல்லையேல் நான் சொல்வேன்" என்று என் மகள் பெயரிலேயே பதில் போட்டுவிட்டார்! மறுநாள் அந்தப் பெண் வகுப்பில் பெஞ்ச் மாறி உட்கார்ந்துவிட்டது. ஐந்து வருஷச் சிநேகம், அக்கா.

மகள் வீட்டுக்கு வந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "யாருக்கும் சொல்லாதேன்னு சொன்னது நீங்கதானேப்பா?" அறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டாள். அந்தக் கதவுக்குப் பூட்டுப் போட்டவனே நான். கண்ணைக் கட்டிவிட்டாலும் அரை நிமிஷத்தில் திறப்பேன், சட்டைப் பையில் கம்பிகூட இருந்தது. உள்ளே அழுகிற சத்தம் கேட்கக் கேட்க, வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். "தட்டுங்க, அவளா திறந்தா திறக்கட்டும்" என்றாள் என் மனைவி. தட்டினேன், திறக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

மறுநாள் கடையைச் சாத்திவிட்டுப் பள்ளிக்கூட வாசலுக்குப் போனேன். மகள் பத்தடி தள்ளி நிற்க, அந்தச் சிநேகிதியிடம், "அதை எழுதினது இவ இல்லம்மா. சாவியை ஊருக்கே கொடுத்தவன் நான்" என்றேன். அது மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அப்போ என் விஷயம் எத்தனை பேருக்குத் தெரியும் அங்கிள்?" என்றது. பொய் சொல்ல வாய் வரவில்லை. "படிச்சது ஒருத்தர்தான். படிச்சிருக்கக்கூடியவங்க நாப்பத்தாறு பேர்" என்றேன். அதற்கப்புறம் நாற்பத்தாறு பேரையும் கூப்பிட்டு அழிக்கச் சொன்னேன். சித்தி அதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியே வைத்திருந்தார்! மாமாவும் மன்னிப்புக் கடிதம் எழுதினார். அதிலும் நாலு புத்திமதி இருந்தது, மகள் அவற்றை அடித்துவிட்டுத்தான் சிநேகிதியிடம் கொடுத்தாள்.

ஒன்பதாம் நாள் அந்தப் பெண் பழைய பெஞ்சுக்கே வந்துவிட்டது. மகள் புதுக் கடவுச்சொல் போட்டாள், நான் கேட்கவே இல்லை. மூன்று நாள் முன்பு, சாவி அராவிக்கொண்டிருந்த என் காதில் அவளாகவே வந்து அதைச் சொன்னாள். "ஏதாவது ஆபத்துன்னா ஒருத்தருக்காவது தெரியணும்ல. உங்களுக்கு மட்டும்தான்ப்பா. நகல் போட்டுடாதீங்க." கடையில் ஆள் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் அழுதுவிட்டேன் அக்கா. இனி என் உயிர் உள்ளவரை அது என்னோடு இருக்கும்.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. நம் சின்னத் தம்பியோடு நீங்கள் பேச்சை நிறுத்திப் பதினொரு வருஷம் ஆகிறது. நான் கண்ணை மூடுவதற்குள் நீங்கள் இருவரும் சமாதானமாக வேண்டும், வேறொன்றும் கேட்கமாட்டேன்.

இப்படிக்கு,
பாடம் கற்றுக்கொண்ட,
பெரிய தம்பி

பி.கு.: எனக்கே ஏதாவது ஆகிவிட்டால் பிள்ளை என்ன செய்யும் என்று மூன்று நாளாகத் தூக்கமில்லை. ஆகவே, கடவுச்சொல்லின் முதல் ஆறு எழுத்தை மட்டும் இந்த உறையின் உட்புறம் எழுதியிருக்கிறேன். மிச்ச ஆறும் சின்னத் தம்பிக்குத் தனிக் கடிதத்தில் போகிறது. நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளாதவரை ஒரு பயமும் இல்லை. தயவுசெய்து சமாதானமாகிவிடாதீர்கள்.