ரயிலுக்குக் கறுப்புக் கொடி காட்டிய கதை

அன்று காலை தண்டவாளத்தில் இருந்தவர்கள்: நான், என் சுத்தியல், தூரத்தில் ஒரு விரைவு ரயில். வராதது: என் சிவப்புக் கொடி. நைனா, அதாவது என் அப்பா, அதை ஏரிக்குக் கூட்டிப்போயிருந்தார் என்று அப்போது எனக்குத் தெரியாது.

நாங்கள் பழவேற்காடு ஏரியோரம் லைட்ஹவுஸ் குப்பத்து மீனவர்கள். வீட்டில் முதலில் படித்தவன் நான். பொன்னேரிப் பக்கம் தண்டவாளம் பார்க்கும் வேலை. (நடந்துகொண்டே இருக்க வேண்டும், கழன்றதை அடித்து இறுக்க வேண்டும், விரிசல் கண்டால் ரயிலை நிறுத்த வேண்டும்.) அழுக்குக் கொடியைக் காட்டினால் டிரைவர் என்ன நினைப்பார் என்று, முந்தின நாள் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து சோப்புப் போட்டு அலசிக் காயவைத்திருந்தேன். அவ்வளவு கடமை உணர்ச்சி!

வளைவு தாண்டியதும் குனிந்து பார்த்தேன். தண்டவாளம் பற்றவைத்த இடத்தில் விட்டுப்போய், விரல் நுழையும் இடைவெளி. காலடியில் இரும்பு முனகத் தொடங்கியிருந்தது. எதிரே எஞ்சின் விளக்கு.

ரயிலை நோக்கி ஓடியபடியே பைக்குள் கைவிட்டேன். வந்தது கறுப்புத் துணி. வலை கிடக்கும் இடத்துக்கு அடையாளமாக நைனா கழியில் கட்டும் கொடி!

ரயில் ஏறியதும் வெடித்து டிரைவரை எச்சரிக்க, தண்டவாளத்தில் வைக்கும் வெடி இருந்த டப்பாவை எடுத்தேன். உப்புக் காற்றில் மூடி துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. சுத்தியலால் ஒரு போடு போட ஓங்கிய பிறகுதான், உள்ளே இருப்பது வெடி என்று உறைத்தது.

பழவேற்காட்டு டச்சுக் கல்லறை வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகள் எனக்காக நகர்ந்து இடம் விடுவதுபோல் இருந்தது. எஞ்சினுக்குப் பின்னால் பெட்டி பெட்டியாக ஜனங்கள். கறுப்புக் கொடியையே தலைக்கு மேல் சுழற்றிக் கத்தினேன்.

ரயில் கிறீச்சிட்டு நின்றது.

“யோவ், என் வண்டியில இன்னா மந்திரியா வர்றாரு? எதுக்குய்யா கறுப்புக் கொடி?” என்றார் டிரைவர்.

பின்னால் கை காட்டினேன். இறங்கிப் போனவர் அந்த இடைவெளியில் விரலை விட்டுப் பார்த்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“தண்ணி இருக்குதா தம்பி?”

சாயங்காலம் நைனாவைப் பிடித்தேன். “என் கொடி எங்க?”

“கறுப்பு தூரத்துல தெரியமாட்டேங்குதுடா. உன்துது பளிச்சுனு இருந்துச்சு, வலைக்குக் கட்டிக்கினேன். சும்மாவா எடுத்தேன்? பதிலுக்கு என்துத மடிச்சு உன் பையில வெச்சேன்ல?”

நடந்ததைச் சொன்னதும் அவர் முகம் செத்துவிட்டது. அப்போதே படகெடுத்துப் போய்ச் சிவப்புக் கொடியை அவிழ்த்து வந்து தந்தார். பதற்றத்தில் கறுப்பைக் கட்ட மறந்துவிட்டார். அடையாளம் இல்லாத வலைமேல் யாரோ படகை ஓட்டிக் கிழித்துவிட்டார்கள்.

இன்றும் குழம்பில் உப்புக் குறைந்தால் நைனா வாய் திறப்பதில்லை. கறுப்புத் துணியைத் தூக்கிக் காட்டுகிறார். “இன்னா, மந்திரி வர்றாரா?” என்கிறாள் அம்மா.

அந்த ரயில் கவிழாமல் போனதற்கு எங்கள் வீட்டுக்கு ஆன மொத்தச் செலவு: ஒரு முழு வலை.