மூன்றாவது லேப்டாப்பின் ஸ்குரு

அடுத்த ஞாயிற்றுக்கிழமையோடு இந்த வீட்டில் லினக்ஸ் ஒழிந்தாக வேண்டும் என்று மருதாசலம் முடிவெடுத்தபோது ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார். தவம் ஒன்றும் இல்லை. இன்னொரு காலில் ஸ்குரு ஏறியிருந்தது.

“செல்வி, கால்ல ஸ்குரு குத்திருச்சு.”

“எந்த லேப்டாப்போடதுன்னு பாருங்க,” என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது.

ரத்தம் வந்ததா என்று ஒரு வார்த்தை இல்லை. பதினெட்டு வருடம் குடித்தனம் நடத்திய மனுஷனின் காலைவிட நெல்லளவு ஸ்குரு உசத்தியாகிவிட்டது.

“எனக்கெப்படித் தெரியும்?”

“நீளத்தைப் பாத்தாத் தெரியுமுங்க. ஒவ்வொண்ணுக்கும் ஒரு அளவு.”

மருதாசலம் அதை ஜன்னல் வழியாக வீசினார். அந்த வீட்டில் அவர் இஷ்டத்துக்குச் செய்ய மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

அவர் மனைவி அறிவுச்செல்வி நாமக்கல்லில் ஒரு தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். பள்ளியில் இனி உதவாது என்று ஒதுக்கிய ஐந்து லேப்டாப்புகளைக் கேட்டு வாங்கி வந்தாள். விண்டோஸுக்குப் பதிலாக, கிழடுகளுக்கும் ஒத்துப்போகிற லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றினாள். ஆறு வாரமாக, ஞாயிறு பத்து மணி ஆனால் எட்டுப் பிள்ளைகள் வந்துவிடுகிறார்கள். ஒன்பதாவதும் பதினொன்றாவதும் படிக்கிறவர்கள். எருமப்பட்டியிலிருந்துகூட பஸ் ஏறி வருகிறார்கள். கழற்றுகிறார்கள், மாட்டுகிறார்கள், மறுபடி கழற்றுகிறார்கள். எல்லாம் ஹாலில்.

ஹால் மருதாசலத்துடையது. வாரத்தில் ஆறு நாள் அவர் முட்டை குடோனில் சூப்பர்வைசர். ஏழாம் நாள் சோபா, டிவி, கறிக்குழம்பு, தூக்கம். அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற ஆறு நாளையும் பொறுத்துக்கொண்டிருந்தார். இப்போது சோபாவில் நாலு பேர். டிவியில் கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்தும். கறிக்குழம்பு போய், பத்துப் பேருக்கு ஒரே சட்டியில் தக்காளி சாதம். குடோனிலிருந்து அவர் கொண்டுவந்த முட்டை அட்டைகளைக்கூட விடவில்லை. குழிக்கு ஒன்றாக ஸ்குரு போட்டு வைத்திருந்தார்கள். கதவோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் செய்தித்தாளும் மட்டுமே அவருக்கு ஒதுக்கப்பட்டன.

அங்கே உட்கார்ந்தால் பாடம் காதில் விழாமல் இருக்குமா?

“லினக்ஸ்ல நாமெல்லாம் யூசர்தான் சாமி,” என்பாள் செல்வி. “எல்லா அதிகாரமும் ரூட்டுக்குத்தான். முக்கியமா எதையாச்சும் மாத்தணும்னா பாஸ்வேர்டு கேக்கும்.”

இதற்கு எதற்கு ஒரு வகுப்பு என்று மருதாசலம் பேப்பருக்குள் பொருமினார். இந்த வீட்டில் பதினெட்டு வருடமாக அதுதானே நடப்பு.

வியாழக்கிழமை செல்வி யாரிடமோ போனில் சொன்னது அவருக்குப் பிடி கொடுத்தது. “எல்லாம் பழசுங்க டீச்சர். அஞ்சும் ஒருக்கா படுத்துதுன்னா அப்பறம் க்ளாஸ் ஏதுங்க?”

ஞாயிறு காலை ஆறரைக்கு அவள் உழவர் சந்தைக்குக் கிளம்பினாள். மருதாசலம் ஸ்குரு டிரைவரை எடுத்தார்.

ஹால் அலமாரியில் லேப்டாப்புகள் அடுக்கியிருந்தன. மேலே ஸ்குரு போட்ட முட்டை அட்டைகள். அவற்றை இறக்கி வைத்தார். ஒவ்வொரு லேப்டாப்பின் அடியிலும் ஒரு மூடி, மூடிக்கு ஒரு ஸ்குரு. உள்ளே ரேம் என்கிற விரல் நீள அட்டை. இருபக்கக் கொக்கியையும் லேசாக விலக்கினால் தானே எழும்பும். அது இல்லாமல் லேப்டாப் கண் விழிக்காது. ஆறு வாரமாக வேண்டாம் வேண்டாம் என்று கேட்ட பாடம் கையில் நின்றது. மூன்றாவதன் ஸ்குரு மட்டும் குட்டை என்பதைக்கூடக் கவனித்தார். கவனித்ததற்காகத் தன்னையே நொந்துகொண்டார்.

ஐந்து ரேமும் பொட்டுக்கடலை டப்பாவுக்குள் போயின. மூடிகளை முடுக்கி, எல்லாவற்றையும் திரும்ப அடுக்கிவிட்டுப் பேப்பரை விரித்தார்.

செல்வி வந்தாள். அலமாரியை ஒரு பார்வை பார்த்தாள். இட்லிக்குச் சட்னி அரைத்தாள்.

“இன்னிக்கு வர்ற வழியில கறி எடுத்தாந்தேனுங்க,” என்றாள்.

மருதாசலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல காலம் பிறந்துவிட்டது என்று இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார்.

பத்து மணிக்கு ஐந்து லேப்டாப்பும் இருண்டு கிடந்தன. பதினொன்றாவது படிக்கிற கவின் ஒன்றை அழுத்திப் பார்த்தான். பீப், பீப் என்று அழுதது.

“அடடா, அஞ்சுமா?” என்றார் மருதாசலம், பேப்பரை இறக்காமல். “பாவம் புள்ளைங்க. பஸ்ஸுக்கு நேரமிருக்குது, கெளம்பட்டும்.”

“யாரும் போக வேண்டாம்,” என்றாள் செல்வி. “என்ன கோளாறுன்னு கண்டுபுடிங்க சாமி.”

ஏழே நிமிடம். தமிழினி என்கிற ஒன்பதாம் வகுப்புக்காரி மூடியைக் கழற்றி எட்டிப் பார்த்தாள். “மிஸ், ரேமே இல்லீங்க.”

“எனக்கும் இல்லீங்க மிஸ்,” என்றான் பக்கத்திலிருந்தவன்.

“கைதட்டுங்க,” என்றாள் செல்வி. “இன்னிக்குப் பரீட்சை. கோளாறு வெச்சது நம்ம ஸாரு.”

எட்டுப் பேரும் அவரைப் பார்த்துக் கைதட்டினார்கள். மருதாசலம் எழுந்து அவளைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போனார்.

“நான்னு யாரு சொன்னது? கண்ணுல பாத்தியா? கட்டுன புருசனைத் திருடன்னு சொல்றயா?”

“அலமாரியைப் பாருங்க.”

பார்த்தார். லேப்டாப்புகளை எடுத்தபோது கலையாமல் ஓரமாக நகர்த்தியிருந்த முட்டை அட்டைகள், ஒன்று நெடுக்காகவும் அடுத்தது குறுக்காகவும் மாறி மாறி அடுக்கப்பட்டிருந்தன. அப்படி அடுக்காவிட்டால் கீழ் அட்டை முட்டை நொறுங்கிவிடும். குடோனில் இருபத்திரண்டு வருடப் பழக்கம், ஸ்குருவுக்கும் முட்டைக்கும் வித்தியாசம் பார்க்கவில்லை. பிள்ளைகள் எப்போதும் ஒன்றுக்குள் ஒன்றாக நேரே அமுக்கித்தான் வைப்பார்கள்.

“நான் சந்தைக்குப் போனப்ப முட்டை குடோன்காரங்க யாராச்சும் நம்ம ஊட்டுக்கு வந்தாங்களாங்க?” என்று கேட்டாள் செல்வி.

மருதாசலம் அடுப்பிலிருந்த குழம்புச் சட்டியின் மூடியைத் திறந்து பார்த்தார்.

“அந்தக் கடலை டப்பாவை எடுத்துட்டு வாங்க. காலைல கொஞ்சம் அசந்திருந்தா சட்னியில ரேமைப் போட்டு அரைச்சிருப்பேன்.”

டப்பாவோடு ஹாலுக்கு வந்தபோது மறுபடி கைதட்டல்.

“ஒரு கொக்கிகூட ஒடையலீங்க மிஸ்,” என்றான் கவின். “ஆனா ரொம்ப லேசுங்க. அடுத்த வாரம் கஷ்டமா வெய்யுங்க ஸார்.”

“அடுத்த வாரமா? எனக்கு இதுக்கு மேல தெரியாதப்பா.”

சொன்ன பிறகுதான், இதுவரை தெரியும் என்று ஒப்புக்கொண்டது உறைத்தது.

“அதுக்கென்னங்க,” என்றாள் செல்வி. “சனிக்கிழமை சாயந்தரம் நான் சொல்லித் தாரேன். குடோன்ல இருந்து நேரா வந்துருங்க. ஒரு நோட்டும் வாங்கியாந்துருங்க.”

ஞாயிற்றுக்கிழமையை மீட்கக் கிளம்பியவருக்குச் சனிக்கிழமையும் போனது. கறிக்குழம்பைப் பத்துப் பேருக்குப் பங்கு வைத்ததில் அவருக்கு எலும்பு இரண்டு வந்தது. அநியாயத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா? பிள்ளைகள் பஸ்ஸுக்குக் கிளம்பும் நேரத்தில் கோபத்தோடு கை கழுவ எழுந்தார். காலில் சுருக்கென்றது.

குனிந்து பிடுங்கினார். ஜன்னல் திறந்துதான் இருந்தது. கையை ஓங்கினார்.

“எந்த லேப்டாப்போடதுங்க ஸார்?” என்று தமிழினி முட்டை அட்டையை நீட்டினாள்.

மருதாசலம் ஸ்குருவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“மூணாவதோடது,” என்றார்.